முகத்தில் எழுதிய உத்தரவு

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். நீதி போதனைக்கு உதவும் பழமொழி என்றே நாம் அதை நெடுநாள் எண்ணியிருந்தோம். தோலைப் பற்றிய சாஸ்திரத்தைச் சற்று ஆழ்ந்து படிக்கப் புகுந்த பின்னர்தான், அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று விளங்கியது. தோல் வெளியே தெரிவது. அதை ஆள்வதோ அகத்தே இருப்பது. உள்ளேயிருந்து உத்தரவு பிறக்கிறது. தோல் அதற்குப் பணிந்து நடக்கிறது. அத்தகைய உத்தரவு ஒன்றை, அது உத்தரவு என்று அறியாமலே, ஆறு மாத காலம் ஒரு சிறு பெண் தன் முகத்துக்குக் கொடுத்து வந்தாள். அதனால் விளைந்தது என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் ஒரு பள்ளி ஆசிரியர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில், விஞ்ஞான பாடம் சொல்லிக் கொடுத்து இருபது ஆண்டுகளாகிவிட்டன. வகுப்பறையின் ஜன்னல் வழியே பார்த்தால் நிலக்கடலைக் கொல்லையும் மரவள்ளித் தோட்டமும் தெரியும். காது கொடுத்தால் விசைத்தறியின் ஓசை கேட்கும். எங்கள் பக்கத்து ஆண்களில் பலர் லாரி ஓட்டுகிறவர்கள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வடநாடு சென்று, மாதக் கணக்கில் வீடு திரும்பாதவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய மகள்தான் நாம் சொல்லும் பெண். ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். வகுப்பில் அவளைப் போல் கணீரென்று பேசக்கூடியவர் வேறு எவருமில்லை.

ஒரு நாள் அவள் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். தாவணியின் தலைப்பை முகத்தோரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னங்கள் இரண்டும் சுட்டாற்போல் சிவந்திருந்தன. நெற்றியிலும் மோவாயிலும் பருக்கள். மூக்கின் இரு புறமும் மெல்லிய சிவப்பு நூல்களை ஒட்டி வைத்தாற்போல் இரத்தக் குழல்கள் தெரிந்தன.

“என்ன கண்ணு, முகத்துக்கு என்ன?” என்று கேட்டோம்.

“மருந்து போட்டேனுங்க ஸார். போட்டா நல்லா இருந்துச்சுங்க. நிறுத்தினா எரியுதுங்க” என்றாள்.

மருந்து எங்கே கிடைத்தது என்று கேட்டோம். தந்தைக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வந்ததாம். வழியில் ஏதோ ஓர் ஊரில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்புக் குழாய் வாங்கி வந்தாராம். பூசிய இடத்தில் தோல் வெளுத்ததை வீட்டில் எல்லோரும் கண்டார்கள். மகளும் கண்டாள். முகத்தில் ஏன் பூசினாய் என்று கேட்டபோது மட்டும் அவள் தரையைப் பார்த்தாள், விடை சொல்லவில்லை. அந்த விடையை நாம் பிறகு அறிந்தோம். அதைக் கடைசியில் சொல்லுகிறோம். முதலில், அந்தக் குழாய்க்குள் இருந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

தானே நெய்துகொள்ளும் துணி

தறி ஓசையின் நடுவே வாழ்கிறவர்களுக்குத் தோலின் தன்மையை விளக்குவது எளிது. தோல் என்பது தன்னைத் தானே நெய்துகொள்ளும் ஒரு துணி. அதன் மேற்படலத்தின் அடி வரிசையில் இடையறாது புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே ஏறுகின்றன. ஏறும்போதே தட்டையாகி, உறுதியாகி, தமக்குள் ஒருவகைக் கொழுப்பைச் சாந்து போல் நிரப்பிக்கொண்டு, கடைசியில் உயிர் நீத்து மேற்பரப்பில் ஓடு வேய்ந்தாற்போல் படிகின்றன. பிறகு செதில் செதிலாக உதிர்ந்து போகின்றன. பிறப்பிலிருந்து உதிர்வது வரையில் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரையில் ஆகும். நாம் பொங்கலன்று போர்த்திருந்த மேல்தோல் சித்திரைப் பிறப்பன்று நம்மிடம் இராது.

அதிவேகமாகப் பிறந்தால் தோல் தடித்துச் செதிலாகும். மெதுவாகப் பிறந்தால் மெலிந்து கிழியும். காயம் பட்டால் அந்த இடத்தில் மட்டும் வேகம் கூட வேண்டும். ஆறியதும் தணிய வேண்டும். இத்தனை கணக்கையும் வைத்திருப்பவர் யார்?

கச்சேரியும் குமாஸ்தாக்களும்

ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு தாலுகா கச்சேரி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் நடுவே உட்கரு என்னும் பதிவறை இருக்கிறது. உடலில் எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற விவரங்கள் எல்லாம் மரபணுக்கள் என்னும் ஏடுகளாக அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா ஏடுகளும் எல்லா நேரத்திலும் திறந்திருப்பதில்லை. எந்த ஏட்டைத் திறப்பது, எதை மூடுவது என்பதற்குத் தாக்கீது வர வேண்டும்.

அந்தத் தாக்கீதுகளே ஹார்மோன்கள். அவற்றில் பல, இன்ஸுலினைப் போன்றவை, கச்சேரி வாசலோடு நின்று, அங்கிருக்கும் சேவகனிடம் செய்தி சொல்லிவிட்டுப் போகும். வேறு சிலவோ எண்ணெய்ப் பசை உள்ளவை. உயிரணுவின் சுவரும் கொழுப்பாலானதாகையால், அவை சுவரில் ஊடுருவி நேரே உள்ளே வந்துவிடும். அவற்றைப் பெற்றுக்கொள்ள உள்ளே தனிக் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய கடிதத்தை மட்டுமே வாங்குவார், மற்றதைத் தொடமாட்டார். சிலர் வெளிக் கூடத்தில் காத்திருந்து, கடிதம் கிடைத்ததும் அதை ஏந்திக்கொண்டு பதிவறைக்குள் நுழைவார்கள். சிலர் பதிவறையிலேயே வீற்றிருப்பார்கள். கடிதம் கைக்கு வந்ததும் குறிப்பிட்ட ஏடுகளின் மேல் கை வைத்துச் சிலவற்றைத் திறப்பார்கள், சிலவற்றை மூடுவார்கள். இவர்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் உட்கரு ஏற்பிகள் என்பது. மனித உடலில் இத்தகைய ஏற்பிகள் 48 இருக்கின்றன.

இவற்றைக் கண்டுபிடித்த வரலாறும் அறியத்தக்கது. 1958இல் அமெரிக்காவில் எல்வுட் ஜென்ஸன் என்பவர், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்து சென்று, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று உண்டு என்று காட்டினார். 1985இல் ரொனால்ட் எவான்ஸின் குழுவினர் கார்ட்டிஸால் வகை ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். பிரான்ஸ் தேசத்தில் பியர் ஷாம்போனின் குழுவினர் அடுத்த ஆண்டே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை வெளியிட்டனர். 1987இல் இரு குழுவினரும் தனித்தனியே ஒரே வியப்பைக் கண்டார்கள்: ‘ஏ’ வைட்டமினிலிருந்து உண்டாகும் அமிலத்துக்கும் அதே ஜாதியைச் சேர்ந்த ஏற்பி ஒன்று இருக்கிறது! கீரையில் வரும் சத்தும் சுரப்பியில் ஊறும் ஹார்மோனும் ஒரே வகைக் குமாஸ்தாவின் மூலம் ஒரே பதிவறைக்குள் செல்லுகின்றன என்பது தெளிவாயிற்று. இம்மூவருக்கும் 2004இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

குன்னூர் கண்ட தேரைத் தோல்

இந்த ஏற்பிகளைப் பற்றி எவரும் கனவிலும் கருதாத காலத்திலேயே, அவற்றுக்குக் கடிதம் வராவிட்டால் தோல் என்ன ஆகும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துவிட்டார்கள். 1933இல் லூஷியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் ஒரு தோல் நோயை வர்ணித்தார். முழங்கை, முழங்கால், தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் முள் முள்ளாகத் தடித்து, தேரையின் முதுகு போல் சொரசொரப்பாகும் நோய் அது. கிரேக்க மொழியில் தேரைத் தோல் என்று பொருள்பட ‘பிரினோடெர்மா’ என்று அவர் பெயரிட்டார். 1936இல், அந்நாளில் குன்னூரில் இருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எய்க்ராய்டும் ராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிச் சிறுவர்களைச் சோதித்து, அவர்களிடையே இந்தத் தேரைத் தோலையும் கண்ணில் வெண்மறு விழும் நோயையும் கண்டு எழுதினார்கள். அந்தச் சாலையே பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசியப் போஷாக்கு ஆராய்ச்சிக் கழகமாக விளங்குகிறது.

முதலில் இது ‘ஏ’ வைட்டமின் குறைவால் மட்டுமே வருவது என்று கருதினார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் ‘பி’ வகைச் சத்துக்களுக்கும், எண்ணெய் வித்துக்களிலுள்ள இன்றியமையாத கொழுப்பமிலங்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டின. இன்று நமக்கு அதன் பொருள் நன்கு விளங்குகிறது. ‘ஏ’ வைட்டமினுக்குரிய ஏற்பி, மேலேறும் உயிரணு எப்போது எப்படி உறுதியாக வேண்டும் என்பதை நடத்துகிறது. கொழுப்பமிலங்களை ஏற்கும் வேறோர் ஏற்பிக் குடும்பம், ஓடுகளுக்கு இடையே பூசும் கொழுப்புச் சாந்தைக் கவனித்துக்கொள்கிறது. இரு தாக்கீதுகளும் வராவிட்டால் நெசவு குலைந்து போவதில் வியப்பென்ன?

எங்கள் சமவெளிக்கு இதில் ஒரு குறையும் உண்டு, ஒரு பாக்கியமும் உண்டு. ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் விளையும் மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் வெள்ளைக் கிழங்கிலும் ஜவ்வரிசியிலும் ‘ஏ’ வைட்டமின் இல்லை என்றே சொல்லலாம். நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளோ நாடறிந்தவை. முட்டையின் மஞ்சட் கருவில் ‘ஏ’, ‘டி’ இரண்டும் உண்டு. பள்ளிச் சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை கிடைப்பதை வெறும் தயாள தர்மமாக எண்ணலாகாது; பதிவறைக்கு அனுப்பும் கடிதமாகவே கொள்ள வேண்டும். முட்டை உண்ணாத குடும்பத்தினர் முருங்கைக் கீரையையும், பப்பாளியையும், பருவத்தில் எங்கள் சேலத்து மாம்பழத்தையும் நாடலாம். கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால்தான் அந்தச் சத்து உடலில் ஏறும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் தேவையான கொழுப்பமிலங்களைத் தாமே தருகின்றன. ஆனால் ‘ஏ’ வைட்டமின் மாத்திரைகளை இஷ்டப்படி விழுங்குவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அது கருவையே பாதிக்கும். உத்தரவு இல்லாமற்போவதும் கேடு, அளவு மீறுவதும் கேடு.

வெயில் எழுதும் கடிதம்

‘டி’ வைட்டமினின் கதை இன்னும் விநோதமானது. இதைத் தோலே, வெயிலின் துணைகொண்டு, தன்னிடமுள்ள கொழுப்பிலிருந்து தயாரிக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவம் செய்த பிறகு அது ஹார்மோனாகி வேலை செய்கிறது. தோலின் உயிரணுக்களோ அந்தப் பக்குவத்தையும் தாமே செய்துகொள்ள வல்லவை. தானே எழுதித் தானே படித்துக்கொள்ளும் கடிதம் இது.

1985இல் ஜப்பானில் ஒருவருக்கு எலும்புத் தேய்வுக்காக ‘டி’ வைட்டமின் வகை மருந்தொன்றைக் கொடுத்தார்கள். எலும்பைப் பார்க்கப் போன இடத்தில், அவருக்கு நெடுநாளாக இருந்த காளாஞ்சகப் படை மறைந்து போனதைக் கண்டு வைத்தியர்கள் வியந்தனர். அந்தப் படையில் தோலணுக்கள் மிதமிஞ்சிய வேகத்தில் பிறக்கின்றன. ‘டி’ ஏற்பி அந்த வேகத்தைத் தணிக்கிறது. அந்த அறிவிலிருந்து பிறந்த களிம்புகள் இன்றும் வைத்தியர் கையில் பயன்படுகின்றன.

இங்கே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் தோலின் கருமை, மெலனின் என்னும் சாயத்தால் வருவது. கரிய தோல் ‘டி’ வைட்டமினைச் செய்துகொள்ளச் சற்று அதிக நேரம் வெயில் வேண்டுமென்பது மெய். ஆனால் அதே சாயம்தான், சித்திரை வெயிலில் உயிரணுவின் உட்கரு கருகிப் போகாமல் அதன் தலைக்கு மேல் குடை பிடிக்கிறது. இந்தப் பூமிக்கென்று இயற்கை தந்த குடையை மடக்கி வீசிவிட ஆசைப்படுகிறோமே, இதை என்னவென்று சொல்வது!

புண் ஆறும் விதம்

இனிக் காயத்துக்கு வருவோம். கையில் அரிவாள் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்து அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இது நோயன்று, காவற்படை வந்து சேர்ந்ததன் அறிகுறி. வெள்ளணுக்கள் கிருமியையும் குப்பையையும் அகற்றுகின்றன. பிறகு சிவந்த புதுச் சதை வளர்ந்து குழியை நிரப்புகிறது. கொலாஜன் என்னும் நார் பின்னப்படுகிறது. ஓரத்துத் தோலணுக்கள் ஊர்ந்து வந்து மேலே மூடுகின்றன. மாதக் கணக்கில் அந்த நார் திருத்தப்பட்டு வடு உறுதியாகிறது.

இந்த வேலைகள் பலவற்றிலும் நம் குமாஸ்தாக்களின் கை இருக்கிறது. காயம் பட்டதும் ஓரத்திலுள்ள உயிரணுக்கள் ‘டி’ வைட்டமினைப் பக்குவம் செய்து, கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளை உண்டாக்குகின்றன. கொழுப்பமில ஏற்பிகளில் சில, காயத்தின் ஓரத்தில் விழித்தெழுந்து தோலணுக்களை உயிரோடு காக்கின்றன. அவை இல்லாத சுண்டெலிகளுக்குக் காயம் ஆறத் தாமதமாகிறது என்பதை ஸ்விட்ஸர்லாந்தில் வால்ட்டர் வாலியின் குழுவினர் 2001இல் காட்டினார்கள். மாதவிடாய் நின்ற ஸ்திரீகளின் தோல் மெலிவதும் புண் ஆற நாளாவதும், ஈஸ்ட்ரோஜன் கடிதம் குறைந்து போவதால்தான்.

எல்லாவற்றிலும் வலிமை மிக்க உத்தரவு ஒன்று உண்டு. அது கார்ட்டிஸால். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. ‘போதும், படை திரும்பட்டும்’ என்பதே அந்தத் தாக்கீதின் சாரம். அதைப் பெற்ற ஏற்பி, அழற்சியை மூட்டும் ஏடுகளையெல்லாம் மூடிவிடுகிறது. சண்டை ஓய்ந்த பிறகு படை ஊரைச் சூறையாடாமல் இருக்க இது அவசியம். ஆனால் அதே உத்தரவு கொலாஜன் நெசவையும் நிறுத்துகிறது. புதிய தோலணுக்கள் பிறப்பதையும் குறைக்கிறது. நெடுநாள் நீடித்தால் புண் ஆறுவது தடைப்படும். அப்படித் தடைப்பட்ட புண்ணை ‘ஏ’ வைட்டமின் ஓரளவு மீட்கிறது என்று 1968இல் விலங்குகளிடம் செய்த சோதனையில் கண்டார்கள். ஒரு குமாஸ்தா மூடிய ஏட்டை மற்றொருவர் திறக்கிறார் போலும்!

நல்ல மருந்து, தவறான கை

1948இல் அமெரிக்காவில் கீல்வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒருவருக்குக் கார்ட்டிஸோன் கொடுத்து அவரை நடக்கச் செய்தார்கள். அந்தப் பணிக்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர் 1950இல் நோபெல் பரிசு பெற்றனர். 1952இல் ஸல்ஸ்பெர்கரும் விட்டனும் இதே ஜாதி மருந்தைக் களிம்பாகத் தோலில் பூசிக் கரப்பான் போன்ற நோய்கள் தணிவதைக் காட்டினார்கள். ஸ்டீராய்ட் களிம்பின் பிறப்பு அதுதான். அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. உடலெங்கும் கொப்புளம் எழுந்து உயிரைக் கொண்டுபோன நோயிலிருந்து எண்ணற்றவர்கள் பிழைத்தது ஸ்டீராய்ட் மருந்தால்தான். பிற்காலத்தில் வந்த க்ளோபெட்டஸால் போன்றவை பழைய மருந்தைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளவை. வைத்தியர் அவற்றை இடமும் நாளும் குறித்துக் கொடுப்பார்.

நம் பெண்ணின் தந்தை வாங்கிய குழாயில் க்ளோபெட்டஸாலும், பூஞ்சை மருந்தும், கிருமி மருந்தும் கலந்திருந்தன. படர்தாமரை என்பது பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்ட் என்ன செய்தது? அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கியது. அதாவது, காவற்படையைத் திருப்பி அனுப்பிவிட்டது. நோயாளி குணமாகிவிட்டது என்று எண்ணினார். எதிர்ப்பில்லாத பூஞ்சையோ உள்ளே நன்றாகப் பரவியது. மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட அகன்ற வட்டமாக எழுந்தது. மீண்டும் குழாய், மீண்டும் வட்டம். வியர்வையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வண்டியோட்டிகளிடமும் தறிக்காரர்களிடமும் இந்தச் சுற்று முடிவதேயில்லை. நம் நாட்டில் இப்போது எளிதில் மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். இந்தக் கலவைக் களிம்புகள் அதற்கு வழி திறந்துவிட்டன என்பது சரும வைத்தியர்களின் கருத்து. நாட்டுக்கு எத்தனையோ வகையில் பெயர் வரலாம். இவ்வகையில் வர வேண்டியதில்லை.

அதே களிம்பு முகத்துக்கு வந்தபோது வேறு கதை. இரத்தக் குழல்கள் சுருங்கியதால் முகம் வெளுத்தது. மெலனின் சாயமும் குறைந்தது. வாரக் கணக்கில் தோல் மெலிந்தது. மெலிந்த தோலின் வழியே குழல்கள் வெளியே தெரிந்தன. பருக்கள் எழுந்தன. நிறுத்தினாலோ, அதுவரை அடங்கியிருந்த அழற்சி அணை உடைந்தாற்போல் பெருகி முகத்தை எரித்தது. எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதையே பூசினாள்.

இது ஒரு பெண்ணின் கதையன்று. கோஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் 2008இல் இந்நிலைக்கு ‘ஸ்டீராய்ட் கெடுத்த முகம்’ என்று பெயரிட்டு எழுதினார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் 12 சரும வைத்திய நிலையங்களுக்கு முக வியாதியோடு வந்த 2,926 பேரை விசாரித்ததில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்ட் களிம்பு பூசி வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அதைச் சொன்னவர் வைத்தியரே அல்லர். உற்றார், அண்டை வீட்டார், கடைக்காரர் முதலியோர்தாம். நூற்றுக்கு 29 பேர் அதைச் சிவப்பழகுக்கும் சவரத்துக்குப் பின் பூசவும் சாதாரண முகப்பூச்சாகவே பயன்படுத்தினார்கள். மங்கு என்னும் முகக் கறைக்கு வைத்தியர்கள் சில வாரங்கள் மட்டும் தரும் ஒரு கலவையும் உண்டு. 1975இல் அமெரிக்காவில் க்ளிக்மன் வகுத்த முறையைத் தழுவிய அதில், சாயத்தைக் குறைக்கும் மருந்தோடு ஸ்டீராய்டும் ‘ஏ’ வைட்டமின் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. பதிவறைக்குள் நுழையும் இரண்டு உத்தரவுகளைத் தாங்கிய அக்குழாயையும், நம் ஊர்களில் வெளுப்பாக்கும் களிம்பென்று கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள்.

சரும வைத்தியர்களின் சங்கத்தார் நெடுநாள் முறையிட்டதன் பயனாக, 14 வகை ஸ்டீராய்ட் களிம்புகளை வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கடை வாசலில் உயிர்ப்பிப்பது நம் கையிலும் இருக்கிறது. சீட்டின்றிக் கேளாதிருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

அந்தப் பெண்ணையும் அவள் தாயாரையும் சேலத்தில் ஒரு சரும வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவ்வம்மையார் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, வெகு நிதானமாகச் சொன்னவற்றின் சாரத்தை இங்கே தருகிறோம்.

களிம்பு வாங்கினால் முதலில் சிட்டையைப் படிக்க வேண்டும். க்ளோபெட்டஸால், பீட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன், ஃப்ளூஸினோலோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்ட். வைத்தியர் எழுதித் தராத ஸ்டீராய்டை முகத்திலும், இடுக்குகளிலும், குழந்தையின் அரையிலும் பூசக் கூடாது. ஒருவருக்குத் தந்ததை மற்றொருவர் பூசக் கூடாது. வெகுநாள் பூசியவர்கள் பயந்து தாமாகச் சட்டென்று நிறுத்திவிட்டு, எரியும்போது மீண்டும் பூசுவது கூடாது. வைத்தியரிடம் காட்டினால் அவர் படிப்படியாகக் குறைக்கும் வழியையோ மாற்று மருந்தையோ சொல்வார். படர்தாமரைக்குத் தனிப் பூஞ்சை மருந்தை, வட்டம் மறைந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள் வரையில் பூச வேண்டும். வீட்டில் எல்லோரையும் ஒருங்கே பார்க்க வேண்டும். துணிகளைத் தனியே துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். சேலத்திலும், 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மருந்துக் கடையின் பலகையைவிட அவற்றின் வாசல் தொலைவில்லை.

அந்த விடை

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் தாயார்தான் சொன்னார். அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் ஒரு காட்சி நாடகம் போட்டோம். பாரத மாதாவாக நிற்க ஒரு பெண் வேண்டியிருந்தது. நாலு பக்கப் பேச்சு அந்த வேஷத்துக்கு. நம் பெண் அதை முதல் நாளே மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவள் வேறொரு பெண், பேச்சு சுமார், நிறம் சிவப்பு. ‘மேடையில் எடுப்பாக இருக்க வேண்டுமே’ என்று ஒருவர் சொன்னார். தேர்வு செய்த ஆசிரியர்களில் நாமும் ஒருவர். நாம் அப்படிச் சொல்லவில்லை, மறுத்தும் பேசவில்லை. அடுத்த வாரம்தான் அவள் அப்பாவின் குழாயை எடுத்தாளாம்.

அன்றிரவு நம் வீட்டு அலமாரியைத் திறந்தோம். கொசுக் கடிக்கும், வேர்க்குருவுக்கும், சவரக் கத்தி கீறிய இடத்துக்கும் என்று, எப்போது எவர் வாங்கியதென்றே தெரியாத ஒரு குழாய் அங்கே இருந்தது. சிட்டையைப் படித்தோம். பீட்டாமெத்தஸோன் என்று இருந்தது. விஞ்ஞான ஆசிரியர் வீட்டில்!

அவளுடைய முகம் ஆறப் பல மாதங்கள் ஆயின. தோல் தன்னைத் தானே நெய்துகொள்ளும் துணி என்று சொன்னோமல்லவா? பொறுமையாக விட்டுவிட்டால் பெரும்பாலும் அது தன் பணியைச் செய்துவிடுகிறது. மூக்கருகே இரண்டொரு சிவப்பு நூல்கள் மட்டும் நின்றுவிட்டன. சத்துணவு முட்டையை இப்போது விடாமல் சாப்பிடுகிறாள். முருங்கைக் கீரையைப் பற்றி மட்டும் அவளுக்கும் நமக்கும் கருத்து வேற்றுமை உண்டு.

அடுத்த ஆண்டுச் சுதந்திர தினம் வந்தது. தேர்வுக் கூட்டத்தில் நாம் முதலில் பேசினோம். நாலு பக்கப் பேச்சையும் தடையின்றி ஒப்பிப்பவருக்கே வேஷம் என்று முடிவாயிற்று. எவர் நின்றார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவுடர் பூச வந்த ஆசிரியையிடம் அவள், “வேண்டாமுங்க டீச்சர், இப்படியே நிக்கறேனுங்க” என்றாள். வெயிலில் விளைந்து, வெயிலைத் தாங்கும் இந்த மண்ணின் நிறத்தோடுதான் அன்று பாரத மாதா எங்கள் மேடையில் நின்றாள்.